வெற்றிடத்துக்கு மதிப்பெண்

பூ அலங்காரப் போட்டியின் பதினான்காம் எண் மேசையில் பெயர் இல்லை. ஆனால் அந்தக் கைவேலை யாருடையது என்று நடுவர் ஹெஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

வில்லோ மரக்கிளையை அப்படி முறுக்கி, அதன் அடியில் டேலியாப் பூவை ஒளித்துவைப்பவள் இந்த வட்டாரத்தில் மேவிஸ் ஒருத்திதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, இதே மண்டபத்தில், மேவிஸ்தான் நடுவர். ஹெஸ்டரின் கணவர் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஹெஸ்டர் தன் அலங்காரத்தின் நடுவே ஓர் இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தாள்.

மேவிஸ் தன் குறிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: “வெறும் இடம் அலங்காரம் ஆகாது. இது சோம்பேறித்தனம்.”

மண்டபமே சிரித்தது.

ஹெஸ்டர் நடுவர் பரீட்சைக்குப் படித்தாள். நான்கு வருஷம். ஒருநாள் மேவிஸுக்கு மதிப்பெண் போடத்தான், வேறெதற்காகவும் இல்லை.

இப்போது பேனாவைத் திறந்தாள். கோடு: பரவாயில்லை. நிறம்: நல்ல நிறம்தான், அதை மறைக்க அவளால் முடியவில்லை. வடிவம், இலைகளின் சொரசொரப்பு, எல்லாவற்றுக்கும் நியாயமாகவே மதிப்பெண் போட்டாள்.

வெற்றிடம் என்ற கட்டத்துக்கு வந்தாள். பூக்கள் எல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. இடது பாதியில் ஓர் இலைகூட இல்லை.

பூஜ்யம்.

அட்டையில் ஒரே வரியாக, பெரிய எழுத்தில் எழுதினாள்: “கண்ணில்லாதவர் பார்த்தால், மிக அழகு.”

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. மகள் ஃபிரேயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேவிஸ் வந்தாள். ரொம்பவும் இளைத்திருந்தாள். நேரே தன் மேசைக்குப் போய்க் குனிந்து படித்தாள்.

நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“மிக அழகுன்னு எழுதியிருக்கியே ஹெஸ்டர்! நீயா இப்படிச் சொன்னே? சத்தமா வாசிம்மா, எல்லாரும் கேக்கட்டும்.”

கிண்டல் பண்ணுகிறாள். இந்த வயதிலும் திமிர் அடங்கவில்லை.

ஹெஸ்டர் அட்டையை எடுத்தாள். வாசிக்கச் சொன்னது அவளேதான். தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றது. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருஷமாக அவள் விரும்பியிருந்தது இதைத்தான், இவ்வளவு பேரை, இந்த அமைதியை.

ஃபிரேயா அட்டையை எட்டிப் படித்தாள். அவள் முகம் வெளுத்தது. ஹெஸ்டரின் காதருகே வந்தாள்.

“போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. அதுலேர்ந்து அம்மாவுக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்க. தட்டுல இடது பாதியில இருக்கற உருளைக்கிழங்கை அப்படியே விட்டுட்டு, இன்னும் பசிக்குதுன்னு கேப்பாங்க. அட்டையிலயும் அவங்க படிச்சது வலது பாதி மட்டும்தான்.”

ஹெஸ்டர் அட்டையைப் பார்த்தாள். முதல் பாதியையும் பார்த்தாள். அது நாக்கு நுனிவரை வந்திருந்தது.

“மிக அழகு,” என்றாள்.

மண்டபம் கைதட்டியது. மேவிஸ் வலது கையால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

ஹெஸ்டர் அவளை மன்னிக்கவில்லை. அட்டையைக் கோட்டுப் பைக்குள் கசக்கிப் போட்டுக்கொண்டு, பதினைந்தாம் எண் மேசைக்கு நகர்ந்தாள்.