இடியப்ப உரல் வழக்கு

வயசாளியளுக்கு வெயில் கூட்டம் எண்டவுடன, 'தண்ணி குடியுங்கோ, நிழலில நில்லுங்கோ' எண்டு தொடங்கப்போறன் எண்டுதானே பாக்கிறியள்? வந்த கொட்டாவியை விழுங்குங்கோ. இது ஒரு இடியப்ப உரல் களவுபோன கதை.

ட்ருகனினா ஊர் ஹோல். பொங்கல் உச்சக் கோடையில வாற இந்த ஊரில நாளைக்கு நாற்பத்திமூண்டு டிகிரியாம். தனிய இருக்கிற ஆக்களுக்கு வெக்கை நாளில போன் கோல் எடுத்து விசாரிக்கவெண்டு தாட்சாயினி பேர் எழுதிக்கொண்டு வந்தா.

"இந்திரகுமார் அங்கிள், உங்கட பேரையும் போடட்டோ?"

"எனக்கு எழுபத்தொன்பதுதான் பிள்ளை. கிழவர்மாரைப் போய்ப் பாரும். முதல்ல என்ர முறைப்பாட்டை எழுதும்!"

எழும்பி, வட்டம் வட்டமாக் கீறின கோயில் கலண்டரை விரிச்சார்.

"முன்வீட்டுப் பவளம். இவவின்ர இடியப்ப உரலை நான் களவெடுத்திட்டனாம். ஜனவரி மூண்டாம் திகதி ஏழு கோல். எட்டாம் திகதி ஒன்பது. பதினாலு, பொங்கலண்டு, பதினொண்டு!"

பவளம் அன்ரி தாட்சாயினிக்கு மாமி. "கள்ளனுக்கு எடுக்காமல் வேற ஆருக்கு எடுக்கிறது?" எண்டா, கதிரையை விட்டு அசையாமல்.

"கேட்டியளோ! 'தொண்டை வரண்டு கிடக்கு, ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு வந்து சண்டை பிடியுங்கோ' எண்டு ஓடர் போடுறா. பிறகு, 'யன்னல் திரையை மூடுங்கோ, உங்கட மூஞ்சையைப் பாக்கேலாது' எண்டு. ஒருநாள் குளிச்சுக்கொண்டு நிண்டதில ஆன்சர் பண்ணேல்லை. அஞ்சு நிமிசத்தில வந்து கதவில இடி! துவாயோட திறக்கிறன். மேலயும் கீழயும் பாத்திட்டு, 'இதுக்குள்ள உரல் இல்லை' எண்டு போட்டா!"

ஹோல் விழுந்து விழுந்து சிரிச்சுது.

"ஆன்சர் பண்ணாமல் விடலாமே அங்கிள்?"

"விட்டால் நான் கள்ளன் எண்டு ஆகிடாதோ!"

தாட்சாயினி முழிச்சா. "உரலோ? மாமி, அது எங்கட குசினியிலதானே கிடக்கு? இண்டைக்குக் காலமையும் பிழிஞ்சனீங்கள்."

சிரிப்பு அப்பிடியே நிண்டுட்டுது. எல்லாற்ற கண்ணும் பவளம் அன்ரியில. பின்னால ஒரு ஆள் "சீ" எண்டது.

"பாத்தியளோ! சபையில மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ. நாளையில இருந்து போனை ஓஃப் பண்ணி வைக்கப்போறன்!"

பவளம் அன்ரி பதறி எழும்பினா.

"நாளைக்கு மட்டும் ஓஃப் பண்ணவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாளையிண்டைக்கு ஆற்ற காலிலயும் விழுறன்."

தாட்சாயினி கலண்டரை வாங்கினா. தன்ர போனைத் தட்டினா. திரும்பவும் கலண்டரைப் பாத்தா.

"சும்மா இரு பிள்ளை!" எண்டு மாமி கத்த முந்தியே வாயை விட்டிட்டா:

"அங்கிள், நீங்கள் வட்டம் போட்டது எல்லாம் நாற்பது டிகிரியைத் தாண்டின நாள். மற்ற நாளில மாமிக்கு அந்த உரல் ஞாபகமே வாறேல்லை."