ஜெசிந்தாவின் இரண்டாவது பங்களிப்பு

ஊர் உலகமே சேர்ந்து இலவசமாக எழுதும் ஒரு மென்பொருளுக்கு, தூத்துக்குடியிலிருந்து ரொசாரியோ ஆறு வருடமாக உழைத்துவந்தான். பிள்ளையைத் தனியாளாக வளர்த்ததற்காக, அவன் மனைவி ஜெசிந்தாவின் பெயரையும் மென்பொருளே இன்று பங்களிப்பாளர் பட்டியலில் சேர்த்திருந்தது.

“ஒம் பேரும் வந்துட்டு, பாத்தியா!” என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

துணி மடித்துக்கொண்டிருந்தவளைப் பிரேசிலிலுள்ள இன்னொரு பங்களிப்பாளரின் மனைவியோடு மென்பொருள் அழைப்பில் இணைத்தது.

“நீங்களும் தனியாகத்தான் சாப்பிடுகிறீர்களா?” என்று அந்தப் பெண்ணின் குரல் தமிழாகி வந்தது.

ஒரு மணி நேரம் பேசினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு ஜெசிந்தா சிரித்தாள்.

பேசி முடித்ததும் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இரண்டாவது பங்களிப்பு ஏறியது: ‘மனைவியரைத் தேற்றுதல்’. அதற்குக் கீழே, அவளோடு பேசப் பதினோரு பெண்கள் காத்திருந்தார்கள்.

ஜெசிந்தா துணியை ஓரமாக நகர்த்திவிட்டு முதல் அழைப்பை எடுத்தாள்.

“சொல்லுங்கம்மா, சாப்ட்டியளா?”