ஈயத்துண்டு விட்ட பெருமூச்சு

நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் ஈயத்துண்டு கிடந்தது. சக்கரம் ஆடாமல் சுழல எடைக்காகப் பொருத்தியிருந்தது, ஏதோ ஒரு லாரியிலிருந்து கழன்று விழுந்தது. வண்டிகள் ஏறி ஏறி இப்போது மிளகளவுதான் மிச்சம்.

தின்ற தானியம் செரிக்க வேண்டுமென்று கௌதாரிகள் பொடிக்கற்களைப் பொறுக்கி விழுங்கும். அப்படிக் கல் பொறுக்க வந்த ஒரு கௌதாரியின் கண்ணில் ஈயத்துண்டு பட்டது.

“என்னைத் தொடாதே அக்கா!” என்று ஈயம் கத்தியது. “நான் கல் இல்லை, விஷம். என் பக்கத்தில் கிடந்த துணுக்கை விழுங்கிய புறா, கழுத்துத் தொங்கிப்போய்ச் செத்தே போச்சு.”

கௌதாரி சிரித்தது. “மத்த கல்லெல்லாம் பேசாமல்தானே கிடக்கு? நீ மட்டும் தொடாதே என்கிறாய். அப்போ நீ உசத்திக் கல்தான். யாருக்காகப் பத்திரமாய்க் கிடக்கிறாய்?”

அலகைத் திறந்தது. அதற்குள் சாலையை அகலப்படுத்துகிறவர்களின் வண்டி தடதடவென்று வந்துவிட்டது. கௌதாரி பறந்தோடியது. சுடச்சுடத் தார் வந்து ஈயத்தை மூடியது.

“அப்பாடா!” என்றது ஈயம். “இனி யார் வயிற்றுக்குள்ளும் போகவேண்டாம்.”

மறுநாள் தலைக்கு மேல் டொக் டொக்கென்று சத்தம். கௌதாரி, இறுகிய தாரைக் கொத்திக்கொண்டே தன் ஜோடியிடம் சொல்லிக்கொண்டிருந்தது:

“பார்த்தாயா? நல்ல சரக்கென்றால் எப்படிப் பூசி மறைத்துவிடுகிறார்கள்!”