முதல் வரிசை, மூன்றாவது நாற்காலி

திருமலையப்பன் எந்த ஊரில் பேசினாலும் அரங்கைத் தயார் செய்வது அவன் மனைவி செண்பகவல்லிதான். மைக்கைச் சரிபார்ப்பாள், நாற்காலிகளைப் போடுவாள், ஆள் வராத நாற்காலிகளில், நிஜ ஆட்களைப் போலவே சிரித்துக் கைதட்டும் ஒளியுருவங்களை உட்கார வைப்பாள். இப்போதெல்லாம் எந்தக் கூட்டமும் அப்படித்தான் நிறைகிறது.

"அந்தப் பச்சைச் சேலைக்காரிய மறந்திராத. முதல் வரிசை, மூணாவது நாற்காலி," என்றான் அவன். "அவ சிரிச்சாத்தான் எனக்குப் பேச்சே வருது."

செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் நாலு வார்த்தை பேசாதவனுக்கு, அவள் தினமும் போட்டு அணைக்கிற ஒளியுருவம் சிரித்தால் பேச்சு வருகிறதாம்!

இன்று அதை அணைத்தே வைத்தாள். தன் பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, விளக்குகள் மங்கியதும் அந்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். நூறு தடவை கேட்ட நகைச்சுவைதான். ஆனாலும் அவன் பார்வை தன்மேல் விழுந்ததும் மனம் குளிர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

கூட்டம் முடிந்து இறங்கி வந்தவன், துண்டால் முகத்தைத் துடைத்தபடியே சொன்னான்:

"அந்தப் பச்சைச் சேலைக்காரி பழசாயிட்டா, செண்பகம். சிரிப்பே சரியில்ல. நாளைக்கு வேற ஒருத்தியப் போட்டிரு."