முதலாளி நின்ற ஜன்னல்

"மறுபடியும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க!"

குறுகலான ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற முதலாளி பல்லைக் கடித்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் அவருடைய புதிய டிக்கெட் புக்கிங் ஆபீஸ். பெண்ணைக் கொடுத்த கையோடு அதையும் மருமகன் பொறுப்பில் கொடுத்திருந்தார். அங்கே தனி இணைப்பு தண்டச் செலவு என்று, இங்கிருக்கும் நெட்டையே வயர்லெஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்புகிற டப்பா மழையில் நனையக் கூடாதென்று, அதை ஜன்னலுக்கு நேராக, தன் முதுகுக்குப் பின்னாலிருந்த மேஜை மேல் வைத்திருந்தார்.

எப்போது எட்டிப் பார்த்தாலும் எதிர் ஆபீஸில் ஒருவர் கொட்டாவி விடுவார். இன்னொருவர் நகம் கடிப்பார்.

மருமகனுக்குப் போன் போட்டார். "என்ன மாப்பிள்ளை, வேலை நடக்குதா?"

"நெட் போயிடுச்சு மாமா."

"நான் பாக்குறப்ப மட்டும் எப்படி கரெக்டாப் போகுது? போதும் மாப்பிள்ளை. நாளையிலேருந்து அந்த ஆபீஸையும் நானே பாத்துக்கிறேன். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க!"

கோபத்தில் கையை வீசியதில் மூக்குக் கண்ணாடி தெறித்துக் கீழே விழுந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே குனிந்து தேடினார்.

"மாமா, வந்துடுச்சு!"

கண்ணாடியோடு நிமிர்ந்தார்.

"ஐயோ, போச்சு மாமா!"

முதலாளி திரும்பி டப்பாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த தன் தொப்பையைப் பார்த்தார். சத்தம் காட்டாமல் ஓரமாய்க் கிடந்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

"வந்துடுச்சு! என்ன மாமா பண்ணீங்க?"

"குறுக்கே ஒரு தடங்கல் நின்னுக்கிட்டிருந்துச்சு மாப்பிள்ளை. உக்கார வெச்சுட்டேன்."