அங்கே இருப்பவன்

1964, ஐப்பசி பிறந்த சனிக்கிழமை, வெயில் சாயும் நேரம். வாசலூர்பட்டியில் பஞ்சாயத்து ரேடியோ கரகரக்கிறது. சீனா தன் மணல்காட்டில் அணுகுண்டை வெடித்துப் பார்த்திருக்கிறதாம். ஒரே குண்டில் ஒரு ஊரே சாம்பலாகிவிடும் என்கிறார் ஒருவர். "நம்ம மலைக்கு பஸ்சே வரல, குண்டு எங்கீங்க வரப்போவுது?" என்கிறான் பொன்னன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சடையனும் சிரிக்கிறார். பக்கத்தில் குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கும் மருமகள் இருசாயியின் கத்தி நின்றுவிடுகிறது. பட்டாளத்துக்குப் போன அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் சீனச் சண்டையில் காணாமல் போனவன். சீனாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், விட்டுவிடுவார்கள் என்று சடையன்தான் அவளிடம் சொல்லிவைத்தார். பிடிபட்டவர்களெல்லாம் போன வருஷமே திரும்பிவிட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை. அவள் கழுத்தில் தாலிக்கயிறு புது மஞ்சளில் பளிச்சென்று கிடக்கிறது. மண் ஒட்டிய விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்புகிறாள். அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங் மாமா, அவிய நாட்டுக்குள்ளயே வெடிச்சுட்டாங்களாமே. அங்க இருக்கற உங்க பையனுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்களே?"