சாட்சியைத் தெரிந்தவர்

“சாட்சி சொல்லப்போற போலீஸ்காரர் ஹாஸ்கின்ஸை உங்கள்ல யாருக்காவது தெரியுமா?” என்று நீதிபதி கேட்டார்.

தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஆள் எடுக்கக் கூப்பிட்டிருந்த முப்பது பேரில் லர்லீன் மட்டும் கையைத் தூக்கினாள்.

பக்கத்திலிருந்த நடீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரியும் என்று சொன்னால் ஜூரியில் சேர்க்க மாட்டார்கள். சாயங்காலம் சர்ச்சில் மீன் விருந்து, லர்லீன்தான் பொறுப்பு.

“நல்லா தப்பிச்சீங்க மிஸ் லர்லீன். ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக்குடுக்கறது நீங்கதானே?” என்றாள் காதோடு.

ஜார்ஜியா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் இவர்கள் இருவரும் வெள்ளைக்காரர்கள். எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த டெமெட்ரியஸ் கறுப்பினப் பையன். காரில் ஒரு சின்னப் பொட்டலம் கஞ்சா வைத்திருந்தான் என்று குற்றச்சாட்டை நீதிபதி சற்றுமுன் படித்துக் காட்டியிருந்தார். குற்றவாளி என்று தீர்ப்பானால் புதிதாகக் கிடைத்த ஆஸ்பத்திரி வேலை போய்விடும். பின்வரிசையில் அவன் அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

எப்படித் தெரியும் என்று நீதிபதி விசாரித்தார்.

“போன வருஷம் என் காரை நிறுத்தினார், ஐயா.”

அதனால் அவர்மேல் கோபமா என்று கேட்டார்.

“இல்லைங்க. அவ்வளவு மரியாதையாப் பேசினார். என் பையிலயும் கஞ்சாதான் இருந்துச்சு. முட்டி வலிக்கு வாங்கினது. இப்ப படிச்சீங்களே, அதே அளவு. பார்த்துட்டு, திரும்பப் பையிலயே வெச்சு, ‘பத்திரமாப் போங்கம்மா’ன்னார். இந்தப் பையனுக்கு மட்டும் விலங்கு மாட்டினாராமே.”

அங்கிருந்த பாதிப் பேர் அவள் சர்ச்சுக்காரர்கள். நடீன் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்க்கார் வக்கீல் எழுந்துபோய் நீதிபதியிடம் ஏதோ கிசுகிசுத்தார். ஹாஸ்கின்ஸின் சாட்சி இனி எடுபடாது; வழக்கை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். டெமெட்ரியஸின் அம்மா முன்னால் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டாள்.

நீதிபதி லர்லீன் பக்கம் கனிவாகத் திரும்பினார்.

“நீங்க போகலாம்மா. நீங்க சொன்னதைப் பதிவுல சேர்க்க வேண்டாம்னு சொல்லிடறேன். எதுக்கு உங்க பேர் கெடணும்?”

லர்லீன் நகரவில்லை.

“இருக்கட்டும் ஐயா, எழுதச் சொல்லுங்க. அவன் பேரை எழுதும்போது யாரும் இப்படிக் கவலைப்படலையே. அது பக்கத்துலயே என் பேரும் இருக்கட்டும்.”